சம்மனசு தெருவின் மேசைவெயில்

அந்த வருசம் ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பொழுது அடைந்து, கோயில் மணி அடித்து, உப்பளத்து ஆட்களெல்லாம் வீடு திரும்பிக் காலில் ஒட்டிய உப்பைக் கழுவி முடித்த பிறகும், சம்மனசு தெருவில் தொம்மை வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் விழுந்த வெயில் மட்டும் திரும்பிப் போகவில்லை. மேற்குச் சன்னல் வழியாக மூன்று மணிக்கு உள்ளே வந்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றிய தேக்குப் பலகையில் பட்டு, எதிர்ச்சுவரிலும் கூரையிலும் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த அதே வெயில், சூரியன் உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் இறங்கிய பிறகும் அங்கேயே கிடந்தது. சன்னலைச் சாத்தினார்கள், கிடந்தது. விளக்கை அணைத்தார்கள், அப்போதும் கிடந்தது. ஏழு மணி வாக்கில் கூரையில் தேங்கியிருந்ததெல்லாம் சுவர் வழியே வழிந்து, தரைக்கு இறங்கி, வாசற்படியைத் தாண்டித் தெருவில் ஓட ஆரம்பித்தது.

தொம்மை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கித்தேரி, நம்ம வீட்டு வெயில் தெருவுல போவுது பாரு" என்றார்.

அவர் மனைவி கித்தேரியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு கையில் துணியோடு, "தொடச்சு விடவா?" என்று கேட்டாள்.

துடைக்க வரவில்லை. துணிதான் வெளிச்சமானது.

சம்மனசு தெரு கடலோரத்தில் இருந்தது. அங்கே உப்புக்காற்று இரும்பைத் தின்னும். நட்டு வைத்த விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக இற்று விழுந்து, பத்து வருசமாகத் தெருவில் ஒரு பல்புகூட எரிந்ததில்லை. மனு எழுதி எழுதி, கோயிலில் செபம் சொல்லித்தருகிற உபதேசியாரின் கையெழுத்து அழகானதுதான் மிச்சம். அதனால் வெயில் தெருவுக்கு வந்தபோது யாரும் பயப்படவில்லை, யாரும் மண்டியிடவும் இல்லை, "தாமதமா வந்தாலும் வந்துச்சே" என்றுதான் சொன்னார்கள். தெரு கிழக்கே சரிந்து கடலுக்குப் போகிற தெரு என்பதால் வெயில் அந்தச் சரிவிலேயே ஓடியது; மேட்டில் இருந்த ஏழு வீட்டுக்காரர்களும் குத்துப்போணியோடு வந்து மொண்டுகொண்டு போனார்கள். மூடி வைத்தால் விடியும்வரை தாங்கியது. மழைநாளில் நெத்திலி காய்ந்தது. வலை பொத்துகிறவர்கள் எட்டு மணி ஆனாலும் ஊசியில் நூல் கோர்த்தார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, வயர் தேடி, வயர் இல்லாமல், "இணைப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு ஆயருக்கு எழுதுகிறேன் என்றார். பிறகு வருசத் திருவிழாவுக்கு ட்யூப்லைட் வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்று ஆனதும் எழுதுவதை மறந்துபோனார். கோழிகள்தான் இரண்டு வாரம் குழம்பின. பிறகு அவையும் பழகிக்கொண்டன. தெரு அதற்கு மேசைவெயில் என்று பெயர் வைத்தது.

பழகாதது கித்தேரியின் கண் ஒன்றுதான்.

அவள் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் இருபத்தாறு வருசமாக வேலை பார்த்தாள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பதும், கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து அணு அணுவாக எண்ணுவதும் அவள் வேலை. தெருவில் லேபக்கா என்றால்தான் தெரியும். ஐம்பத்தோரு வயதிலும் காய்ச்சல்காரன் ரத்தத்தில் மலேரியாக் கிருமி ஒன்றே ஒன்று ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுகிற கண் அவளுக்கு. ஆனால் அந்தக் கண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை உண்டு. பளிச்சென்று கூச்சம் அடித்தால் ஒற்றைத் தலைவலி வரும். தலைவலிக்கு முன்னால் பார்வையில் பாதி, யாரோ தட்டியைச் சாத்தியதுபோல, இல்லாமல் போகும். அதற்காகவே அவள் வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துத்தான் வைப்பாள், கண்ணாடியை வெளிச்சம் படாத மூலையில்தான் மாட்டியிருந்தாள்.

அந்த மேசையை வாங்கி வந்தது தொம்மை. துறைமுகத்து எடைமேடையில் முப்பத்து நாலு வருசம் லாரி லாரியாக எடை எழுதி ஓய்வு பெற்ற மனிதர். அத்தனை வருசத்திலும் டிரைவர்கள் அவரை "எடை" என்றுதான் கூப்பிட்டார்கள், பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. பிள்ளை இல்லாத வீடு. தரையில் உட்கார்ந்து சாப்பிட முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று கித்தேரி ஒருநாள் சொன்னதை மனதில் வைத்து, பழைய பங்களா ஒன்றின் ஏலத்தில் இந்தத் தேக்கு மேசையை எடுத்து, ஆள் வைத்து ஏழு பூச்சுப் பாலிஷ் ஏற்றி, அவள் வேலையிலிருந்து வரும்முன் சன்னலோரம் போட்டு வைத்திருந்தார். அவள் வந்து பார்த்தபோது அவர் முகம் மேசையைவிடப் பளபளத்தது. அதனால் கூசுகிறது என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.

மேசைவெயில் வந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இருட்டே இல்லாமல் போனது. ஈரத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு தூங்கினாள். வாரத்துக்கு இரண்டு தடவை தலைவலி வந்தது, பிறகு மூன்று தடவை. ஆவணி கடைசியில் ஒரு காலை, நிறைமாதப் பெண்ணொருத்தியின் ரத்தத்தைப் பார்த்து "கிருமி இல்லை" என்று எழுதினாள். கூட வேலை பார்க்கிறவள் தற்செயலாக அதே கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்த்து, "மேடம், இந்த ஓரத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். இருந்தது. மூன்று இருந்தன. கித்தேரி பார்க்காத பாதியில் இருந்தன.

பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வீட்டுல பளபளன்னு ஏதாவது இருக்கா?"

"ஒரு மேசை இருக்கு டாக்டர்."

"அதைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் ரத்தம் மட்டும் எடுங்க, பண்ணிட்டு வந்து உக்காருங்க. இல்லன்னா உங்களை அந்தச் சேர்ல உக்கார வைக்க எனக்குப் பயமா இருக்கு."

அன்று சாயங்காலம் அவள் அதைத் தொம்மையிடம் சொன்னாள். அந்த நிறைமாதப் பெண்ணின் வயிற்றைச் சொல்லும்போது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். தொம்மை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "உன் கண்ணைவிட இந்த வெயில் என்ன பெரிசா? அடக்கிப்புடுவோம்" என்றார்.

முதலில் மேசையைச் சன்னலை விட்டுத் தள்ளி உள்சுவர் ஓரம் போட்டார்கள்; வெயில் தேடிக்கொண்டு வந்தது. சன்னலுக்குக் கனத்த திரை தைத்துப் போட்டார்கள். மேசைமேல் பருத்தி விரிப்பு, அதன்மேல் கோரைப்பாய், பாயின்மேல் கம்பளி; வெயில் மூன்றிலும் ஊறி மேலே வந்தது. சுவரின் வெள்ளைப் பெயிண்டை மாற்றி மங்கலான காவி அடித்தார்கள். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து சுடலைமுத்து ஆசாரியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் மேசையைக் குனிந்து, பக்கவாட்டில் பார்த்து, நகத்தால் ஒரு தட்டு தட்டி, "பாலிஷ்தான் கூசுது, மரம் கூசாது" என்றார். "உப்புத்தாள் போட்டு இந்த மினுக்கத்தை எடுத்துட்டு, இரும்பு நாரால மெழுகு தேச்சு விட்டா மேட் ஆயிரும். அப்புறம் எந்த வெயில் வந்தாலும் படுத்துக்கிடும்." நானே செய்து தருகிறேன் என்றார் ஆசாரி. வேண்டாம், என் பெண்டாட்டி கண்ணுக்கு நானே செய்கிறேன் என்றார் தொம்மை.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. பூசை முடிந்து வந்ததும் தொம்மை கைலியை மடித்துக் கட்டிக்கொள்வார். கித்தேரியின் மூக்குக்குத் தூசி ஏறாமல் தன் துண்டை அவரே கட்டிவிடுவார். மரத்தின் ஓட்டத்தோடு, ஒரே திசையில், அவசரமில்லாமல் அவர் உப்புத்தாளைத் தேய்க்க, எதிரே நின்று அவள் ஈரத் துணியால் தூசியைத் துடைப்பாள். வெயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையை விட்டு இறங்கும். மத்தியானத்துக்குள் மேசை சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடும். அவர் புருவத்திலும் மீசையிலும் மரத்தூள் அப்பியிருக்கும். அவள் அதை ஊதிவிடுவாள். இருபத்தெட்டு வருசக் கல்யாணத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் எதிரெதிரே நின்றதே இல்லை. அவர் எடைமேடைக் கதைகளைச் சொன்னார். அவள், யாரிடமும் சொல்லாத ஒன்றாக, தனக்குப் பார்வை போய்விடும் என்று தினமும் பயந்துகொண்டே பஸ் ஏறுவதைச் சொன்னாள். ஞாயிறும் திங்களும் அவள் கண்ணில் துணி கட்டாமல் தூங்கினாள்.

புதன்கிழமை மெல்ல மினுங்க ஆரம்பிக்கும். வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே தெரிந்துவிடும், வெயில் வாசலைத் தாண்டிவிட்டது என்று.

"நம்ம என்ன செய்ய கித்தேரி?" என்பார் தொம்மை. "மரத்துக்குள்ள ஊறிப்போச்சு. உள்ளயிருந்து வருது."

"உள்ளயிருந்து வருதாமே லேபக்கா" என்றார்கள் குழாயடியில். "உள்ளயிருந்து வாரதை யாரு தடுக்க முடியும்?" என்றார் மீன் விற்கிற கஸ்மீர். பக்கத்து வீட்டு பெர்னத் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேண்டிக்கிடுதேன்க்கா" என்றாள்.

பெர்னத் அவளுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. பெர்னத் தன் மகள் ஜெனோவாவைப் பெற்றதுகூடக் கித்தேரி ஏற்பாடு செய்த ஆஸ்பத்திரியில்தான். அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு, மேசைவெயிலில் வாசலில் உட்கார்ந்துதான் படிக்கிறது. பெர்னத் ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் நேர்ந்துகொண்டாள். ஒன்பது வாரமும் கித்தேரியைக் கூட்டிக்கொண்டு போய் முழந்தாளிட்டு, உபதேசியார் முன்னின்று செபம் சொல்ல, "எங்க அக்கா கண்ணைக் காப்பாத்தும் ஆண்டவரே" என்று வாய்விட்டு வேண்டினாள். கண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை என்று கித்தேரி சாகும்வரை சத்தியம் செய்வாள்.

தெருவில் தொம்மைக்கு இப்போது பெயர் வந்திருந்தது. முப்பத்து நாலு வருசம் எடையாக இருந்தவரை அண்ணாச்சி என்றார்கள். திருவிழாக் கமிட்டியில் சேர்த்தார்கள். டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு வெயில் நம்ம பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாருக்கும்" என்று மேட்டு வீட்டுக்காரர்கள் அவரிடம் வந்து சொல்வார்கள்; அவர் நெற்றியைச் சுருக்கி, "பாப்போம், நம்ம கையில என்ன இருக்கு" என்பார். கித்தேரிக்கு அது சந்தோசமாகவே இருந்தது. பாவம், கடைசி காலத்திலாவது நாலு பேர் மதிக்கிறார்களே என்று நினைத்தாள்.

கார்த்திகையில் சுடலைமுத்து ஆசாரி அந்தப் பக்கம் ஒரு கல்யாண வேலையாக வந்தவர், மேசை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். அன்று சனிக்கிழமை, தொம்மை கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆசாரி விரலால் மேசையை ஒரு இழு இழுத்து, முகர்ந்து பார்த்தார்.

"யம்மா, இது உள்ளயிருந்து வரல. இது மேல போட்டது. மூணு நாள்கூட ஆகல, இன்னும் தின்னர் வாடை போகல."

"அது தெருமுனையில படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற வாடை ஆசாரி."

"படகுக்கு அடிக்கிறது எனாமல். எனக்குத் தெரியாதா?"

கித்தேரிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "ஞாயித்துக்கிழமை தவறாம அந்த மனுசன் இடுப்பொடியத் தேய்க்கிறாரு. நான் பக்கத்துல நிக்கேன். எனக்கும் கண்ணு இருக்கு ஆசாரி. கிளம்புங்க" என்றாள். ஆசாரி பையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க, வயசான மனிதரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறுத்தியது; ஆனால் அவர் சொன்னது உறுத்தவில்லை. சாயங்காலம் தொம்மை வந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கொஞ்சம் நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரியவர் இறந்துபோனார் என்று பதினொரு மணிக்கே லேபைப் பூட்டிவிட்டார்கள். கித்தேரி வழியில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழாயடியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "என்னக்கா இந்நேரத்துல?" என்று ஒருத்தி சத்தமாகக் கேட்டாள், அந்தச் சத்தம் தனக்குக் கேட்பதற்காக இல்லை, தெருவின் அந்தக் கோடிவரை கேட்பதற்காக என்பது அவளுக்கு இரண்டு வீடு தாண்டிய பிறகுதான் புரிந்தது. படகுகள் எல்லாம் கடலில் இருந்தன. தெருமுனையில் பெயிண்ட் அடிக்க ஒரு படகும் இல்லை. தின்னர் வாடை அவள் வீட்டு வாசலிலிருந்து வந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. அவள் இல்லாத நேரத்தில் அந்தக் கதவைச் சாத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை.

மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். தலைமாட்டில் தொம்மை, கையில் பாலிஷ் டப்பாவோடு. இடப் பக்கம் கஸ்மீர். வலப் பக்கம் ஒன்பது செவ்வாய்க்கிழமை செபம் சொன்ன உபதேசியார், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு. கால்மாட்டில் பெர்னத், மஞ்சள் ஃபிளானல் துணியால் தன் மூலையை வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டு. நாலு பேரும் ஒருவர் கை ஒருவர்மேல் இடிக்காமல், ஒரே தாளத்தில், பலநாள் பழகியவர்களின் லாவகத்தோடு தேய்த்தார்கள். கித்தேரி வாசலில் நின்று அந்தத் தாளத்தைக் கேட்டாள். அவளையும் தொம்மையையும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வாசலில் நின்று பார்த்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

முதலில் பார்த்தது பெர்னத்.

"அக்கா... சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றாள்.

தப்பு செய்தது வந்தவள் என்பதுபோல இருந்தது அந்தக் குரல். கித்தேரி வெண்டைக்காய்ப் பையைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா?" என்று தொம்மையிடம் கேட்டாள்.

தொம்மை டப்பாவை மூட முயன்றார். மூடி சரியாக உட்காரவில்லை. "ஆரம்பத்துல இருந்தே."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை உனக்காகத்தான் கித்தேரி. அது நெஜமாத்தான் தேய்ச்சேன்" என்றார் அவர், அவள் அதைச் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தோடு. "மத்த நாளுதான் தெருவுக்காக."

அவர் அதை நியாயமான பங்கீடு போலத்தான் சொன்னார். அவர் முகத்தில் கள்ளம் இருந்திருந்தால் அவள் அறைந்திருப்பாள். அங்கே இருந்தது, இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்த ஒரு மனிதனின் ஏமாற்றம் மட்டும்தான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் தெரு நின்றது. குழாயடிப் பெண்கள், மேட்டு வீட்டுக்காரர்கள், வலை பொத்துகிறவர்கள், இடுப்பில் பிள்ளையோடு மருமகள்கள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஏழு மாதமாக "கண்ணு தேவலையாக்கா?" என்று கேட்ட வாய்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

"உங்க கண்ணுக்கு நாங்க வேண்டிக்கிட்டது பொய்யில்லக்கா" என்றாள் பெர்னத் அழுதுகொண்டே. "பிள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்சை. அதுவரைக்கும்தான்னு நெனச்சேன். எல்லாரும் ஒவ்வொரு அதுவரைக்கும் நெனச்சோம்."

உபதேசியார் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "ஒரு ஆளுக்குக் கஷ்டம், நூறு பேருக்கு வெளிச்சம். நீயே யோசிச்சுப் பாரு லேபக்கா" என்றார்.

"நீங்க எங்கிட்டக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள் கித்தேரி.

அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே முரட்டு உப்புத்தாளாகப் பார்த்து எடுத்தாள். மூக்குக்குத் துண்டு கட்டவில்லை. தான் வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடுகிற பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மரத்தின் ஓட்டத்தைப் பார்க்காமல், குறுக்கும் நெடுக்குமாக, தோளின் முழு பலத்தையும் போட்டுத் தேய்த்தாள். பாலிஷ் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. கூரையிலிருந்த வெயில் ஒரு ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் துணைக்கும் வரவில்லை. மேட்டு வீட்டுக் கிழவர் ஒருவர் மட்டும், "அது எங்க பக்கத்து வெயிலும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவள் தேய்த்தாள். உள்ளங்கை தோல் பிய்ந்து மேசையில் ரத்தம் பட்டது. இடது கண்ணில் தட்டி சாத்த ஆரம்பித்தது. மேசையின் பாதி தெரியாமல் போனது. தெரிந்த பாதியைத் தேய்த்தாள்.

மேசை சரிபாதி மங்கியபோது தொம்மை அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"போதும் கித்தேரி. தெரு என்ன சொல்லும்?"

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"நானுந்தானே தெருவுல இருக்கேன்" என்றார்.

அவள் கை நின்றது. எஞ்சிய பாதியைத் தேய்ப்பதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. உப்புத்தாளை மேசைமேலேயே வைத்துவிட்டு, கையைக் கழுவிக் கிழிந்த துணியால் சுற்றிக்கொண்டு, நாலு சேலையும் மூக்குக்கண்ணாடியும் அடையாள அட்டையும் ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்கு, சன்னலில் அன்றைய வெயில் நுழைகிற நேரத்தில், வெளியே வந்தாள். தெரு விலகி வழிவிட்டது. பெர்னத் பஸ் நிறுத்தம்வரை பத்தடி பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள். இருங்கக்கா என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், நர்சுகள் தங்குகிற கட்டடத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சுவர், துருப்பிடித்த கட்டில், ஒரு பாய். மினுங்குகிற பொருள் என்று அங்கே எதுவும் இல்லை. முதல் மாதம் தலைவலி இரண்டு தடவை வந்தது, அடுத்த மாதம் ஒரு தடவை, பிறகு வரவில்லை. பெரிய டாக்டர் பத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கொடுத்துச் சோதித்துவிட்டு அவளைப் பழைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார்.

சம்மனசு தெருவில் கதை வேறு மாதிரி நடந்தது. பாதி மேசை பாதி வெயிலைத்தான் கொடுத்தது. மேட்டு வீடுகளுக்கு ஒருநாள், பள்ளத்து வீடுகளுக்கு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முறையில் சண்டை வந்தபோதெல்லாம் அவள் பெயர் வந்தது. ஊர் வெளிச்சத்தைக் கெடுத்துவிட்டுப் போனவள் என்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் விட்டுவிட்டுப் போனவள் என்றார்கள். கட்டினவனைத் தனியாகத் தவிக்கவிட்டவள் என்று, அவளுக்காக முழந்தாளிட்டவர்களே சொன்னார்கள். ஒரு வருசம்கூட ஆகவில்லை, துரோகம் செய்தது கித்தேரிதான் என்பது தெருவில் எல்லாருக்கும் ஞாபகமாகவே ஆகிப்போனது.

தொம்மை இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசல் கேட்டருகே நின்று கொடுத்தார். தெருவில் யாருக்கு என்ன ஆனது, கமிட்டியில் என்ன பேசினார்கள் என்று சொன்னார். கித்தேரி கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று, முதல் தடவை பஸ் வரும்வரை நின்றாள். இரண்டாம் தடவை அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் பெர்னத் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பெயர் கூப்பிட்டதும் வந்து, கையை நீட்டி மேசைமேல் வைத்தாள். சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

கித்தேரி ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவி நரம்பைத் தேடினாள்.

"கண்ணு எப்படிக்கா இருக்கு?" என்று பெர்னத் கேட்டாள்.

எட்டு மாதத்தில் அந்தத் தெருவிலிருந்து யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. கித்தேரியின் விரல் நரம்பின்மேல் ஒரு கணம் நின்றது. நெஞ்சுக்குள் கட்டிப் போட்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. நன்றாக இருக்கிறேன் பெர்னத், உன் பிள்ளை எத்தனை மார்க் எடுத்தாள் என்று கேட்க அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"நல்லாயிட்டுன்னா ஒருநாள் வந்து பாருங்கக்கா" என்றாள் பெர்னத், ஆசையாக, நல்ல சேதி சொல்லுகிறவளின் அவசரத்தோடு. "நீங்க உரசிவிட்ட பக்கமும் சரியாயிட்டு. அண்ணாச்சி யாரையும் தொட விடல. அத்தனை கீறலையும் ஒத்தை ஆளா உக்காந்து, கித்தேரி பக்கம் கித்தேரி பக்கம்னு சொல்லிச் சொல்லியே தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கி எடுத்துட்டாரு. இப்ப முன்னவிட நல்லா அடிக்குது. எங்க அடுப்படிவரைக்கும் வருதுக்கா."

கித்தேரி வாயை மூடிக்கொண்டாள். ஊசியை எடுத்தாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. பெர்னத்துக்கு வலிக்கவே இல்லை. குழாயில் ரத்தம் ஏறியது. பட்டையை அவிழ்த்து, பஞ்சை வைத்து, குழாயின் மேல் பெயரையும் வயதையும் தெளிவான எழுத்தில் எழுதினாள்.

"கையை மடக்கி அழுத்திப் பிடி" என்றாள். "ரிப்போர்ட் சாயங்காலம் கிடைக்கும். வேற யாரையாவது அனுப்பு. நீ வராத."

பிறகு வரிசையைப் பார்த்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.